புதுப்பிப்பு: பள்ளி வெளியேற்றப் பயிற்சி, தலை எண்ணினால் போதாது

பள்ளிகளில் அவசரகால வெளியேற்றம் பற்றிய முந்தைய இழையில், ‘திடலில் கூடியதும் ஆசிரியர் தலைகளை எண்ணட்டும்’ என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

எண்ணிக்கை சரியாக வந்தும் ஆள் மாறியிருக்கலாம். பக்கத்து வகுப்புக் குழந்தை வரிசையில் நிற்கும், நம் குழந்தை கழிப்பறையில் இருக்கும். ஆகவே அன்றைய வருகைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துப்போய்ப் பெயர் சொல்லி அழையுங்கள். தாமதமாக வந்தவர், பாதியில் வீட்டுக்குப் போனவர் விவரம் அலுவலகத்தில்தான் இருக்கும். அந்தப் பதிவும் வெளியே வந்தாக வேண்டும். கழிப்பறை, நூலகம், ஆய்வகம் பார்த்துவர தளத்துக்கு ஒருவர், அவர் விடுப்பு எடுத்தால் மாற்றாள் ஒருவர். இந்த மாற்றாளைத்தான் பெரும்பாலும் எழுதாமல் விடுகிறார்கள்.

பயிற்சியை எப்போதும் பாடவேளையில் வைக்காதீர்கள். உணவு இடைவேளையில் ஒருமுறை, முதன்மைப் படிக்கட்டை அடைத்துவிட்டு ஒருமுறை நடத்துங்கள். நெரிசல் எங்கே என்பது அப்போதுதான் தெரியும்.

தீயணைப்பான் பயன்படும் நிலையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டிருந்தீர்கள். அழுத்தமானி உள்ள உலர்தூள் வகையில் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் பொதுவாக அழுத்தமானி இருக்காது. எடை போட்டால்தான் கசிவு தெரியும்.