சமையலறை வினைல் மேலேயே டைல்ஸ் போடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் எங்களுடையது பழைய மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சமையலறையில் முதலில் இருந்த டைல்ஸ் மேலேயே முன்பு குடியிருந்தவர்கள் வினைல் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) ஒட்டியிருக்கிறார்கள். இப்போது சிங்க் பக்கம் அதன் ஓரம் சுருண்டு எழும்புகிறது. தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்பாக ஈரம்.

வீடு புதுப்பிக்கும் குத்தகையாளர் ஒருவர், எதையும் உடைக்க வேண்டாம், வினைல் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வினைல் அழுத்தினால் அமுங்குகிற பொருள். அதன்மேல் ஒட்டினால் டைல்ஸ் விரிசல் விடாதா? வினைலை மட்டும் உரித்து, பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய டைல்ஸ் மேல் ஒட்டுவது பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஆனால் அடுப்புப் பக்கம் நாணயத்தால் தட்டினால் சில டைல்ஸ் பொள்ளென்று ஒலிக்கின்றன. அவற்றை மட்டும் பெயர்த்து சிமெண்ட் நிரப்பினால் போதுமா, இல்லை முழுவதும் ஹேக்கிங்தானா (உடைத்தெடுப்பதுதானா)?

இன்னொரு கவலை உயரம். டைல்ஸ், பசை இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை சென்டிமீட்டராவது ஏறும். ஸ்கிரீடும் (டைல்ஸுக்கு அடியில் போடும் சிமெண்ட் சமன்படுத்தும் அடுக்கு) மேலே பதிக்கும் டைல்ஸ் போன்ற தரைப்பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வீவக விதி. உடைக்காமல் எங்கள் தரையின் கனத்தை எப்படி அளப்பது? அம்மா கைத்தடியோடு நடப்பவர், வாசலில் படி மாதிரி நின்றால் தடுக்கிவிடும். அந்த இடத்தைச் சரிவாக முடித்தவர்கள் இருந்தால் படம் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.