41 வயதில் ஐடிஐ சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஒரகடம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 முடிந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். கான்ட்ராக்ட்தான். ஏப்ரலோடு எங்கள் லைனையே மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஏழெட்டு கேட்டில் போய் நின்று பார்த்தாயிற்று, உள்ளே ஹெச்ஆர் வரைக்கும்கூடப் போக முடியவில்லை, செக்யூரிட்டியே ஆதாரில் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு "இருபத்தெட்டுக்குள்ளதான்மா எடுக்கிறாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

படிப்பு பிளஸ் டூ, 2002இல் பாஸ். அந்த வருடமே எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்த அட்டை டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, ஒரு தடவைகூடப் புதுப்பித்ததில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். மத்திய அரசுத் திட்டம், முழுக்க இலவசம், மூன்று மாதம், முடித்ததும் வேலை என்றார்கள். சேரும்போது மட்டும் 3,500 ரூபாய் கட்டணுமாம், "யூனிஃபார்முக்கும் ஃபைலுக்கும்". இன்னும் கட்டவில்லை.

என் மகள் பத்தாவது. "அம்மா, அடுத்த வருஷம் ரெண்டு பேருமா சேர்ந்தே ஐடிஐக்கு அப்ளை பண்ணலாம்" என்று கிண்டல் செய்கிறாள். கிண்டலை விடுங்கள், இந்த வயதில் நிஜமாகவே சேர்த்துக்கொள்வார்களா? மூன்று மாதப் பயிற்சி உருப்படியா, இல்லை ஐடிஐயா? வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அதனால் ஒரேயடியாகப் பட்டினி இல்லை, ஆனால் ரொம்ப நாள் சும்மா இருக்கவும் முடியாது.

பழைய வெல்டர்:

அந்த 3,500ஐக் கட்டாதீர்கள். பிஎம்கேவிஒய், அதாவது பிரதமர் பெயரிலான மத்திய அரசுத் திறன் பயிற்சித் திட்டம் என்றால் பயிற்சிக்கு வருகிறவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை, மையத்துக்கு அரசே கொடுக்கிறது. எந்தத் திட்டம், மையத்தின் பதிவு எண் என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். அங்கேயே தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

அரசு ஐடிஐயில் 26 வருடம் ஃபிட்டர் பிரிவில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆண்களுக்குத்தான் 40 வயது வரம்பு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. ஒவ்வொரு வருடமும் சேர்க்கை அறிவிப்பில் இது அச்சாகத்தான் செய்கிறது, ஆனால் யாரும் அந்த வரி வரைக்கும் படிப்பதில்லை. என் வகுப்பில் மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த அம்மாக்கள் இருந்திருக்கிறார்கள்.

பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, ஷூ, சைக்கிள், பாடப்புத்தகம் எல்லாம் உண்டு. 750இல் குடும்பம் நடக்காது, அது எனக்கும் தெரியும். வருகை 80 சதவீதம் வேண்டும், அதில் விளையாட முடியாது.

நீங்கள் ஒரகடம் என்கிறீர்கள். உங்கள் ஊர் அரசு ஐடிஐயைப் போய்ப் பாருங்கள். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை மேம்படுத்தினார்களே, அந்தப் புதுப் பட்டறைகளை 2023 ஜூலையில் திறந்து வைத்ததே அங்கேதான். சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின், ரோபோட்டிக்ஸ், மின்வாகன மெக்கானிக் எல்லாம் வந்திருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம், வெல்டர், கோபா என்கிற கம்ப்யூட்டர் பிரிவு ஒரு வருடம். ஆன்லைன் கலந்தாய்வை விட்டுவிட்டால்கூட அப்புறம் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். ஒரிஜினல் மார்க்ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோவோடு நேரில் போய் முதல்வரைப் பாருங்கள். போனில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பைல் பிடித்தவள்:

நான் 36இல் சேர்ந்தேன், ஃபிட்டர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் பையன்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள், மேடம் வந்திருக்கிறார் என்று நினைத்து.

முதல் ஒரு மாதம் வேறு வேலையே இல்லை அக்கா. ஒரு இரும்புத் துண்டை வைஸில் கட்டி, பைல், அதாவது அரம் போட்டு ராவிக்கொண்டே இருக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், இடுக்கில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் ராவணும். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, ராத்திரி சப்பாத்தி மாவு பிசைய முடியாமல் அழுதிருக்கிறேன். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அளவெடுக்கும் வெர்னியர், மைக்ரோமீட்டர் பார்க்கப் பையன்களுக்கு மூன்று வாரம் ஆகும், செக்கிங்கில் பதினோரு வருடம் இருந்த நீங்கள் முதல் நாளே பார்த்துவிடுவீர்கள்.

மதியத்துக்கு மேல் விடும் ஷிஃப்ட் எனக்குக் கிடைத்ததால் சாயந்திரம் ஒரு கடையில் பில் போட்டுச் சமாளித்தேன். ஷிஃப்ட் எப்படி என்று முதலில் கேளுங்கள். நான் மற்றவர்களிடம் கேட்டதெல்லாம் வேலை கிடைக்குமா என்றுதான், இதைக் கேட்கவில்லை. கடைசியில் இதுதான் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க வைத்தது.

நேர்பேச்சு:

எல்லோரும் சேரச் சொல்கிறீர்கள், சரி. சேர்ந்தால் முடிக்கும்போது அவருக்கு 43. ஐடிஐ வாசலில் வயது வரம்பு இல்லை, கம்பெனி வாசலில் இருக்கிறதே, அந்த செக்யூரிட்டி அன்றைக்கும் அதே ஆதாரைத்தானே பார்ப்பார்? கேம்பஸ் இன்டர்வியூ என்று வருகிறவர்கள் பத்தொன்பது வயதுப் பையன்களை மாதச் சம்பளத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடச் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு சான்றிதழ் தேவையா என்று யோசிக்கணும். ஏற்கெனவே தெரிந்த வேலைக்கு ஆர்பிஎல் என்று முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள், 59 வயது வரை உண்டு, சில நாள் வேலை. அதை வாங்கிக்கொண்டு வேலை தேடலாமே.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

நேர்பேச்சு தம்பி சொல்வதில் பாதி சரி. பெரிய கம்பெனி கேட் திறக்காது. ஆனால் ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன, அந்தப் பெரிய கம்பெனிகளுக்கே சாமான் போடுகிறவர்கள். அங்கே பிறந்த வருடத்தை யாரும் கேட்பதில்லை. டிராயிங் பார்க்கத் தெரியுமா, ரிஜெக்ஷன் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வாயா, அவ்வளவுதான். இந்த அம்மாவின் பதினோரு வருடத்துக்கு அங்கேதான் விலை. ஐடிஐ சேருவதற்கு முன்னால் நாலு பட்டறை ஏறி இறங்கிப் பார்த்தால்கூடத் தப்பில்லை. ஆர்பிஎல் சான்றிதழை மட்டும் நம்பி யாரும் வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கவுண்டர்:

எம்ப்ளாய்மென்ட் அட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2002இல் விட்டது போனதுதான், பழைய சீனியாரிட்டி கிடைக்காது, புதிதாகப் பதியுங்கள், ஆன்லைனிலேயே முடியும். உதவித்தொகை என்று ஒன்று உண்டு, பிளஸ் டூவுக்கு மாதம் 400 ரூபாய், ஆனால் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்கணும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000க்குள் இருக்கணும், வயது 40 தாண்டக் கூடாது, எஸ்சி, எஸ்டிக்கு 45. ஆகையால் அதை மறந்துவிடுங்கள்.

வேறு இரண்டுக்காகப் போகலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் வெள்ளிக்கிழமைகளில் தனியார் துறை முகாம் வைப்பார்கள், கட்டணம் கிடையாது, கேட்டில் நிற்காமல் நேராக ஆள் எடுப்பவரிடமே பேசலாம். இன்னொன்று, உங்கள் வீட்டில் யாராவது மகளிர் குழுவில் இருக்கிறார்களா? இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் டிடியு-ஜிகேஒய் என்கிற கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் பற்றிக் கேளுங்கள். பொதுவாக 35 வரைதான், பெண்களுக்கு 45 வரை உண்டு. தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு.

செய்யாறு தையல்:

யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றால் ஆர்செட்டி என்று சுயதொழில் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது, மாவட்டத்துக்கு ஒன்று, முன்னோடி வங்கி நடத்துவது. நான் முப்பது நாள் தையல் அங்கேதான் கற்றேன், மதியச் சாப்பாடும் போட்டார்கள். நான் சேரும்போது 18 முதல் 45 வரை எடுத்தார்கள். பயிற்சி நன்றாகத்தான் இருந்தது. கடன்தான் இழுத்தடித்தது, பயிற்சி கொடுத்ததும் வங்கி, கடன் கொடுப்பதும் வங்கி, ஆனால் எங்கள் ஊர்க் கிளைக்குப் பதினொரு தடவை நடந்தேன். எண்ணி வைத்திருக்கிறேன். ஓவர்லாக் மிஷினை நகையை வைத்துத்தான் வாங்கினேன்.

ஒரகடம்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த மாடி மையத்தில் இன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், "சார் வெளியூர் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்றார்கள். பழைய வெல்டர் அண்ணா சொன்னது சரிதான்.

நாளைக்கும் நாளன்றைக்கும் திருமுடிவாக்கத்தில் பட்டறை ஏறப்போகிறேன், வீட்டுக்காரர் லோடு இறக்கும் இடம் இரண்டு அங்கே இருக்கிறதாம், அவரே கூட்டிப்போகிறேன் என்கிறார். திங்கட்கிழமை ஐடிஐ, ஷிஃப்ட் எப்படி என்று முதலில் கேட்கிறேன். பயிற்றுநர் சார், ஒரே ஒரு சந்தேகம். டிசி ஒரிஜினல் 2015 வெள்ளத்தில் போய்விட்டது, மார்க்ஷீட் மட்டும் லேமினேஷன் போட்டிருந்ததால் தப்பித்தது. நான் படித்த பள்ளியில் நகல் வாங்கிக்கொண்டு போனால் ஒத்துக்கொள்வார்களா?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

நகல் டிசி கேட்டு இன்றைக்கே பள்ளியில் மனு கொடுத்துவிடுங்கள், தொலைந்ததற்குப் போலீஸ், தாசில்தார் பக்கம் என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள், நாளாகும். திங்கட்கிழமை மார்க்ஷீட்டோடும் மனு கொடுத்த ரசீதோடும் போய் முதல்வரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பட்டறையை அவளும் ஒரு தடவை பார்க்கட்டும்.