பதில்: ஹாட்லிங்க் – ‘மடைவெட்டு’ என்று சொல்லலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

பிறர் தளத்தில் இருக்கிற படத்தை, அதன் முகவரியை மட்டும் செருகி, கேளாமல் நம் பக்கத்தில் காட்டுவதுதான் ஹாட்லிங்க். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி இந்த மடற்குழுவில் ஒரு கிழமையாக எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த மூன்று சொற்களிலும் என் மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன்.

> சூட்டிணைப்பு என்றே வைத்துவிடலாம். ஆங்கிலச் சொல்லோடு பொருந்திப் போகும்.

ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பொருத்தம் தெரியும். மற்றவர், ஏதோ சூடான செய்திக்குக் கொடுத்த இணைப்பு என்று நினைப்பார். ஆங்கிலத்திலேயே அந்தச் சூட்டுக்கும் நடக்கும் காரியத்துக்கும் பெரிய உறவு இல்லை. அதை நாமும் சுமக்க வேண்டாம்.

> நேரிணைப்பு?

முகப்புப் பக்கத்தைக் காட்டி ‘உள்ளே தேடிப் பாருங்கள்’ என்று விட்டுவிடாமல், வேண்டிய கட்டுரைக்கே வாசகரைக் கொண்டுபோய் விடுவது நல்ல பழக்கம். நேரிணைப்பு என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். நல்ல பழக்கத்தின் பெயரைக் கெட்ட பழக்கத்துக்குக் கொடுத்தால் பிறகு இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போகும்.

> படத்திருட்டு. நடப்பது அதுதானே!

கோபம் புரிகிறது. நானும் பட்டவன். மட்டக்களப்புக் கூத்துகளைப் பற்றி ஒரு சிறிய தளம் நடத்துகிறேன். அதில் வடமோடிக் கூத்துக்குரிய, விரிந்து நிற்கும் கரப்புடுப்போடு ஒரு அண்ணாவியார் (கூத்துப் பழக்குபவர்) நிற்கும் படம் இருக்கிறது. உடுப்பின் வேலைப்பாடு தெரிய வேண்டும் என்று 2.4 மெகாபைட் அளவிலேயே போட்டிருந்தேன். ஒரு செய்தித்தளம் அந்தப் படத்தின் முகவரியைத் தன் பக்கத்தில் செருகிவிட்டது. என் தளத்தின் கோப்புகளை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினி, அதாவது வழங்கி, மாதத்துக்கு மொத்தம் 10 கிகாபைட்தான் அனுப்பலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தச் செய்தி சுமார் 4,000 தடவை திறக்கப்பட்டால் என் மாதம் முடிந்தது. இரண்டே நாளில் முடிந்தது. மிச்ச நாள் முழுக்க என் தளத்துக்கு வந்தவர்கள் ‘அளவு தாண்டிவிட்டது’ என்ற ஒற்றை வரியைத்தான் பார்த்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தவர்களில் ஒருவராவது என் பக்கத்துக்கு வந்தாரா என்று பதிவேட்டில் தேடினேன். ஒருவரும் இல்லை. வர அங்கே வழியே இல்லை.

ஆனாலும் திருட்டு என்ற சொல் நடந்ததைப் பிழையாகச் சொல்கிறது. படத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது என் வழங்கியிலேயே இருந்தது. அவர்களுடைய பக்கத்தில் இருந்தது ஒரு வரி முகவரி மட்டும். வாசகர் அந்தப் பக்கத்தைத் திறந்தவுடன் அவருடைய உலாவி என் வழங்கிக்கு ஓடிவந்து படத்தை வாங்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் வரும். வாசகர் அவர்களிடம், செலவு என்னிடம். உண்மையில் படத்தை இறக்கித் தங்கள் வழங்கியில் போட்டு, கீழே என் பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகிழ்ந்திருப்பேன். ஆக, படியெடுத்திருந்தால் நல்லது, படியெடுக்காததுதான் தொல்லை. இதைத் திருட்டு என்றால் கேட்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். இன்னொன்று, இதைச் செய்கிற பலருக்கு இப்படி ஒரு செலவு இருப்பதே தெரியாது. தெரியாமல் செய்தவரைக் கள்ளன் என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு அவருக்கு விளக்கம் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் எந்தச் சொல்? முதலில் எனக்கு வந்தது ‘கொழுவு’. பிறத்தியாரின் கம்பியில் வயரைக் கொழுவிக் கரண்ட் எடுப்பது போல என்று நினைத்தேன். ஆனால் கொழுவல் என்றால் எங்கள் பக்கம் சண்டை. அகராதியில் ‘கொளுவு’ என்று வேறு ளகரம். பொருளிலும் எழுத்திலும் குழப்பம் இருக்கிற சொல்லை வைத்துத் தொடங்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்து வந்தது வக்கடை. வயல் வரம்பில் தண்ணீர் பாய விடும் வாயை இங்கே அப்படித்தான் சொல்வோம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் எங்களுக்குக் கொஞ்ச வயல் இருந்தது. மழை குறைந்த சிறுபோக வேளாண்மையில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஒரு நாள் விடியப்புறம் அப்பாவோடு போனபோது, முதல்நாள் பின்னேரம் நிறைய நின்ற வயலில் சேறு தெரிந்தது. வரம்போடு நடந்து போனால் கீழ்ப்பக்கத்தில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டு. வெட்டிய மண்கட்டி காயாமல் பக்கத்திலேயே கிடந்தது. தண்ணீர் சத்தம் போடாமல் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அந்த மண்கட்டியையே காலால் தள்ளி அடைத்தார். வயலை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, வரம்பும் எங்களுடையதுதான், முறைத் தண்ணீர் மட்டும் வேறு பயிருக்குப் பாய்ந்திருக்கிறது. என் தளத்துக்கு நடந்ததும் அச்சொட்டாக இதுதான்.

ஆனால் வக்கடை என்று வைத்தால் சென்னை நண்பருக்கும் யாழ்ப்பாண நண்பருக்கும் விளங்காது. ‘பிறகு’ என்பதற்குப் பதில் நான் ‘மறுகா’ என்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படித்தான். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் எங்கள் காரைதீவில் பிறந்தவர். அந்த வேலை ஒரு ஊருக்காக நடந்த வேலை அல்ல. இந்தச் சொல்லும் எங்கள் மாவட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. அதனால் எல்லாருக்கும் தெரிந்த ‘மடை’யை எடுத்துக்கொள்கிறேன். மடைவெட்டு.

புழக்கத்தில் வளைகிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். ‘படத்தை மடைவெட்டாதீர்கள்.’ ‘மடைவெட்டிய படங்களின் பட்டியல்.’ வழங்கிக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் இருக்கிற வசதிக்கு ‘மடைவெட்டுத் தடுப்பு’. எங்கும் இடறவில்லை.

> யூடியூப் காணொளியை நம் பக்கத்தில் போடுவதும் மடைவெட்டா?

நல்ல கேள்வி. இல்லை. அங்கே உரியவரே ‘இந்தா, இந்த வரியை எடுத்துப் போடு’ என்று தருகிறார். அதற்கு உட்பொதிவு (எம்பெட்) என்ற சொல் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது. எல்லாரும் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகமும் தன் வழங்கியிலிருந்து படங்களை நேரே காட்ட அனுமதிக்கிறது. ஆனால் அப்படிச் செய்யும்படி பரிந்துரைப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் படம் மாறினாலோ நீங்கினாலோ நம் பக்கம்தான் கெட்டுப்போகும் என்பதை மறக்கக் கூடாது. கேளாமல் பாய்ச்சினால் மட்டுமே மடைவெட்டு என்று சொல்லுக்கு வரம்பு போடுவோம்.

தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். உலாவி படத்தைக் கேட்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்பதையும் பெரும்பாலும் சொல்லும். அந்தப் பக்கம் நம்முடையது இல்லையென்றால் வழங்கி மறுத்துவிடலாம். அந்தத் தகவலைச் சுமக்கும் தலைப்பின் பெயர் ‘ரெஃபரர்’. ஆங்கிலத்தில் அதன் நடுவில் ஆர் எழுத்து இரண்டு வர வேண்டும். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் முறையை வகுத்து 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் ஒன்று விடுபட்டே அச்சாகிவிட்டது. இன்றுவரை உலகத்தின் வழங்கிகள் எல்லாம் அந்தப் பிழையோடுதான் பேசுகின்றன. பரவிய பிறகு திருத்த வழியில்லை. நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு இதுவே காரணம். இப்போது பொறுமையாக உரசிப் பார்ப்போம்.

இடையில் ஒன்று. நம் மடல்களிலேயே ‘இங்கே’ என்ற சொல்லுக்கு அடியில் இணைப்பு வைக்கிறோம். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாக ஒரு பக்கத்து இணைப்புகளை மட்டும் தனியாகக் கேட்பதுண்டு. அவர்களுக்கு ‘இங்கே, இங்கே, இங்கே’ என்றுதான் கேட்கும். இணைப்பின் மேலேயே அது எங்கே போகிறது என்று எழுதிவிடுவோமே.

என் தளத்தின் அடியில் போட ஒரு அறிவித்தல் எழுதி வைத்திருக்கிறேன்:

‘இந்தப் படங்களை நீங்கள் பயன்படுத்தலாம். படத்தை இறக்கி உங்கள் வழங்கியில் வையுங்கள். கீழே எங்கள் பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள். தயவுசெய்து மடைவெட்ட வேண்டாம்.’

இந்த மடலை வாசிக்காத ஒருவருக்கு, வீட்டிலோ வேலையிடத்திலோ, இதைக் காட்டிப் பாருங்கள். கடைசி வரி அவருக்கு விளங்கியதா இல்லையா என்று எழுதுங்கள். வயல் தெரியாத நகரத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து