பூட்டிய கதவும் எடை போடும் கொட்டகையும்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து:

1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியமர்ந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். மதியச் சோற்றுக்குக் கருவாடோ ஊறுகாயோதான் துணை. சரிவில் நிற்கும்போது தலை சுற்றினால் அதைப் பித்தம் என்று சொல்லி, இஞ்சி தட்டிப் போட்ட தேநீரோடு முடித்துக்கொள்வார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' பின்னர் எங்கள் ஊருக்கும் வந்தது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையையும் வீட்டிலேயே கொடுக்கும் திட்டம் அது. வருபவரும் பக்கத்து ஊர்ப் பெண்தான். ஆனால் அவர் வரும் பகல் பதினொரு மணிக்கு லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பாதிக் கதவுகள் பூட்டியே இருக்கும். அரை நாள் வீட்டில் நின்றால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழும் என்பதால், அம்மாவும் ஒருமுறைகூட அவருக்காகக் காத்திருந்ததில்லை. வீடு தேடி வருவது நல்ல கொள்கைதான். தோட்டத்துப் பெண்ணைப் பகலில் வீட்டில் தேடினால் கிடைக்கமாட்டார் என்பதை அந்த அக்காதான் முதலில் புரிந்துகொண்டார்.

ஒரு மாலை, கொழுந்து எடை போடும் கொட்டகைக்கே கருவியோடு வந்துவிட்டார். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் 176/104 காட்டியது. கூடை சுமந்த களைப்பாக இருக்கலாம் என்று கால் மணி நேரம் உட்காரவைத்து மீண்டும் பார்த்தார், 168/102. 140/90-க்கு மேல் இருந்தால் விட்டுவிடக் கூடாது என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார். அங்கே வேறொரு நாள் பார்த்து உறுதிசெய்த பிறகே மாத்திரை தொடங்கினார்கள். இரண்டே மாதத்தில், "உடம்புக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று அம்மா அதை நிறுத்திவிட்டார். "ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் அம்மா இந்த நோயே" என்று அக்கா சொன்னதற்குப் பிறகு, நான் சொல்லிக் கேட்காதவர் இன்றுவரை தவறாமல் சாப்பிடுகிறார்.

கூடலூர்ப் பக்கத்திலிருந்து:

மேலே சொன்னது எங்கள் பக்கமும் பொருந்தும், ஆனால் ஒன்றைத் தவிர. 30 வயதைக் கடந்த பெண்களுக்கான கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கொட்டகையில் வைத்துச் செய்ய முடியாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, எந்த இடமாவது வெளுக்கிறதா என்று செவிலியர் பார்ப்பதுதான் முறை; வேலை சில நிமிடங்களில் முடிந்தாலும், அதற்குக் கதவடைத்த அறையும் கட்டிலும் நல்ல வெளிச்சமும் வேண்டும். வெளுத்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை, அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றுதான் பொருள். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கருப்பையை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒருவரும் வருவதில்லை. என் மாமியாரே அப்படிப் பயந்தவர்தான்.

நான் துணைக்குப் போன முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள், ஆகவே கூலி போகும் கவலை இல்லை. ஆனால் அறையின் சன்னலுக்குத் திரை இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அடுத்த மாதம் என் பழைய சேலை ஒன்றை எடுத்துப்போய்ச் சன்னலில் கட்டினோம். முன்பு திரும்பிப் போனவர்களில் ஏழு பேர் வந்து பார்த்துக்கொண்டார்கள்.