சுட்ட மெட்டா, பொது ராகமா?

பழைய ரேடியோ:
நேற்று 'கிளாடியேட்டர்' (2000) மறுபடி பார்த்தேன். அந்தப் போர் இசையைக் கேட்ட கையோடு, ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1914ல் எழுதிய 'மார்ஸ்' கேட்டுப் பாருங்கள். அதே பித்தளைக் குழல்களின் உறுமல். 2006ல் ஹோல்ஸ்ட் அறக்கட்டளை, படத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மர் மேல் வழக்கே போட்டது. இதுவும் இன்ஸ்பிரேஷன் என்றால் காப்பி என்ற சொல்லே நமக்குத் தேவையில்லை.

சங்கதிக்காரி:
உறுமலுக்கெல்லாம் பட்டா போட முடியாது சார். வாத்தியச் சேர்க்கையும் தாளமும் ஒருவருடைய சொத்து என்றால், ஒரே ராகத்தில் வந்த பாட்டெல்லாம் திருட்டாகிவிடும். ராகம் பொது, மெட்டுதான் ஒருவருடையது. அந்த மெட்டிலும் எவ்வளவு எடுத்தார், எடுத்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். சலில் சௌத்ரி 1961ல் 'சாயா' இந்திப் படத்தில் மொஸார்ட்டின் 40ஆம் சிம்பொனியின் தொடக்கத்தை எடுத்துப் பல்லவி போட்டார். முதல் வரியில் மொஸார்ட் அப்பட்டமாகத் தெரிகிறார். அப்புறம் பாட்டு தன் வழியில் போய்விடுகிறது. எனக்கு அது திருட்டாகப் படவே இல்லை.

பழைய ரேடியோ:
1791ல் இறந்தவர் கேஸ் போட வரமாட்டார் என்ற தைரியம்! சலில்தாவை விடுங்கள், நானும் ரசிகன்தான். '300' படத்துக்கு என்ன சொல்வீர்கள்? எலியட் கோல்டென்தால் 'டைட்டஸ்' (1999) படத்துக்குப் போட்ட இசையிலிருந்து பல பகுதிகள் எடுக்கப்பட்டதை வார்னர் பிரதர்ஸே 2007ல் ஒப்புக்கொண்டது. தங்களுக்குத் தெரியாமல் நடந்ததாம்.

சங்கதிக்காரி:
'300'க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

எடிட்டிங் மேசை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். படத்தை வெட்டும்போது இசை தயாராக இருக்காது. அதனால் ஏதாவது பழைய இசையை ஒட்டி வைப்பார்கள், டெம்ப் ட்ராக் என்று பெயர். மாதக்கணக்கில் கேட்டு இயக்குநருக்குக் காது பழகிவிடும். கடைசியில் வருகிற இசையமைப்பாளரிடம் "இதே மாதிரி வேண்டும், ஆனால் இதுவாக இருக்கக் கூடாது" என்பார். அந்த மனுஷன் என்னதான் செய்வார்? இயக்குநர் குப்ரிக் இந்த நாடகமே ஆடவில்லை. '2001' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதித் தந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒட்டியிருந்த கிளாசிக்கல் இசையையே வைத்துக்கொண்டார். நார்த்துக்கு இது தெரிந்ததே படத்தைப் பார்க்கும்போதுதான். கொடுமைதான். ஆனால் அந்த இசையை எழுதிய ஸ்ட்ராஸ், லிகெட்டி பெயர்கள் டைட்டிலில் இருந்தன.

சங்கதிக்காரி:
தன் மெட்டைத் தானே எடுத்தால்? 'காட்ஃபாதர்' காதல் மெட்டை 1958லேயே ஓர் இத்தாலியப் படத்தில் போட்டிருந்தார் என்று நினோ ரோட்டாவின் ஆஸ்கர் பரிந்துரையை 1973ல் திரும்பப் பெற்றார்கள். இரண்டு வருடம் கழித்து, அதே மெட்டு தலைகாட்டும் இரண்டாம் பாகத்துக்கு விருதையே கொடுத்தார்கள். நடுவர்களுக்கே குழப்பம்!

பழைய ரேடியோ:
தன் சட்டைப்பையில் தானே கைவிட்டதை நான் திருட்டு என்று சொன்னேனா? அடுத்தவர் பையில் விட்டால் டைட்டிலில் ஒரு வரி போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மேசைக்காரர் சொன்னது உறைக்கிறது. இனிமேல் இயக்குநரையும் சேர்த்தே திட்டுகிறேன்.