கோல்ட் வாட்டர்ஸ்: டார்பிடோ விட்டதும் வயர் அறுந்துடுது, அடுத்த நிமிஷமே நம்ம சப் காலி. உதவி தேவை

உப்புக்காத்து:

நீர்மூழ்கிப் போர் கேம் கோல்ட் வாட்டர்ஸ் (கில்லர்ஃபிஷ் கேம்ஸ், 2017). மோட் (ரசிகர்கள் செஞ்ச மாற்றத் தொகுப்பு) எதுவும் இல்லை. 1984 கேம்ப்பெயின், லாஸ் ஏஞ்சலஸ் வகை சப் (நீர்மூழ்கி).

நிலவரம்: சோவியத் சரக்குக் கப்பல் கூட்டம், காவலுக்கு ரெண்டு கிரிவாக் வகைப் போர்க்கப்பல். 10,000 கெஜத்துல சொல்யூஷன் (இலக்கு எங்க, எப்படிப் போகுதுங்கற கணிப்பு) 90 சதவீதம் தாண்டினதும் ஆளுக்கு ஒரு மார்க் 48 டார்பிடோ, நேரா கிரிவாக் இருக்குற திசையிலேயே. விட்ட கையோட சுக்கானை முழுசா ஒடிச்சு, ஃபுல் ஸ்பீடுல விலகி ஓட்டம். ஆழம் 200 அடி. லேயர் (வெப்பம் மாறி, சத்தத்தை மறைக்கிற தண்ணி அடுக்கு) 350 அடின்னு காட்டுது.

அதுக்கப்புறம் நடக்குறது:
1. டார்பிடோவ சப்லேர்ந்து வழிநடத்துற வயர் ரெண்டும் அறுந்துடுது.
2. ஒரு நிமிஷம்கூட ஆகாது, என் தலைக்கு மேல வானத்துலேர்ந்து டார்பிடோ விழுது.
3. நாய்ஸ்மேக்கர் (டார்பிடோவ ஏமாத்த சத்தம் போடுற கருவி) போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

ஏஐ ஏமாத்துதா? இல்ல இந்த கேமோட குறையே இதுதானா? மோட் போட்டா தீருமா?

நங்கூரம்:

ஏஐ ஏமாற்றவில்லை. நீங்கள் எழுதியிருப்பதிலேயே நாலு காரணம் இருக்கிறது.

முதலில் வயர். மார்க் 48 ஓடும்போது டார்பிடோவிலிருந்தும் சப்பிலிருந்தும் கம்பி பிரிந்துகொண்டே போகும். சப் வேகமாக ஓடினாலோ, சுக்கானை முழுசாகத் திருப்பினாலோ அது அறுந்துவிடும். நீங்கள் ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறீர்கள். விட்ட பிறகு 5 முதல் 8 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), சுக்கான் கொஞ்சம் மட்டும். இந்த இடத்தில் எல்லாருக்கும் ஓடத்தான் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்க் 48 ஓடுவது 55 நாட். 10,000 கெஜம் என்பது ஏறத்தாழ 5 கடல் மைல், அதைக் கடக்க ஐந்தரை நிமிடம் போதும். எதிரி தன் குழாயிலிருந்து 40 நாட் டார்பிடோவைத் திருப்பி விட்டாலும், அது உங்களிடம் வந்து சேர ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதாவது உங்கள் டார்பிடோ இலக்கைத் தொடும்வரை வயரைப் பிடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு அந்த ஏழு நிமிடம் கிடைப்பதில்லை. காரணம் கிரிவாக். அதன் முன்தளத்தில் நாலு குழாய் ஏவுகணை இருக்கிறது பாருங்கள், எஸ்எஸ்-என்-14. அது பறந்து வந்து உங்கள் தலைக்கு மேல் டார்பிடோவைப் போட்டுவிட்டுப் போகும். 9 கிலோமீட்டரை அரை நிமிடத்தில் தாண்டும், எட்டும் தூரம் 50 கிலோமீட்டர். எனவே தூரத்தில் நிற்பது பாதுகாப்பே இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாமல் இருப்பது மட்டும்தான் பாதுகாப்பு.

எப்படித் தெரிகிறது? டார்பிடோ கிளம்பும் சத்தம், அது ஓடிவரும் சத்தம், இவை வரும் திசையைப் பிடித்து எதிரி அந்தக் கோட்டின் மேலேயே போடுவான். நேர்கோட்டில் விட்டால் அந்தக் கோட்டின் மறுமுனையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் வளைத்து விட வேண்டும்:

- இலக்கின் திசையிலிருந்து 40 டிகிரி தள்ளி டார்பிடோவை அனுப்புங்கள்.
- 3,000 கெஜம் போன பிறகு வயர் மூலம் இலக்கு பக்கம் திருப்புங்கள்.
- அதே நேரத்தில் சப்பை மெதுவாக எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள்.
- டார்பிடோ விழித்துக்கொள்ளும் (தானே தேடத் தொடங்கும்) புள்ளியை இலக்குக்கு 2,000 கெஜம் முன்னால் வையுங்கள். பாதி வழியிலேயே விழித்துக்கொண்டால் அது தேட அனுப்பும் பிங் சத்தமே ஊரைக் கூட்டிவிடும்.

இப்படிச் செய்தால் எதிரியின் பதிலடி உங்கள் டார்பிடோ திரும்பிய இடத்தைச் சுற்றி விழும்.

அடுத்தது ஆழம். லேயர் 350 அடி, நீங்கள் 200 அடி. காவல் கப்பலின் அடித்தள சோனார் (ஒலியால் தேடும் கருவி) எந்தத் தண்ணீரில் கேட்கிறதோ அதே தண்ணீரில் நிற்கிறீர்கள். 450 அடிக்குப் போங்கள். ஒன்று மட்டும் கவனம்: கிரிவாக், உடலாய் வகைப் போர்க்கப்பல்கள் கயிற்றில் இறக்கும் சோனார் வைத்திருக்கின்றன. லேயருக்குக் கீழேயும் கேட்கும். லேயர் அங்கே திரைதான், சுவர் இல்லை.

டார்பிடோவின் ஆழ அமைப்பை மறக்க வேண்டாம். நீங்கள் கீழே இருந்து விடும்போது மேல்தளக் கப்பலுக்கு ‘ஷாலோ’ வைக்காவிட்டால், அது லேயருக்குக் கீழேயே தேடிக்கொண்டு இலக்கின் அடியில் போய்விடும்.

சுழல்நீர்:

நீங்க மூணாவதா சொன்ன நாய்ஸ்மேக்கர் விஷயத்துக்கு நான் சொல்றேன் ப்ரோ. நாய்ஸ்மேக்கர் தனியா எதையும் காப்பாத்தாது. டார்பிடோக்கும் உங்களுக்கும் நடுவுல அது கொதிச்சிட்டு இருக்கணும், அந்த நேரத்துல நீங்க வேற ஆழத்துல வேற திசையில இருக்கணும். போட்டுட்டு அதே கோட்டுல ஓடினா, டார்பிடோ அந்தக் குமிழியத் தாண்டின உடனே முன்னாடி நீங்கதான்.

வரிசை இப்படி:
டார்பிடோ வர்ற திசையப் பாருங்க. தூரமா இருந்தா அவசரமே படாதீங்க, அது இன்னும் உங்களப் பிடிச்சிருக்கணும்னு இல்ல, தேடிட்டு இருக்கலாம். மெதுவா அதோட தேடல் பாதையிலேர்ந்து பக்கவாட்டுல நகருங்க. பிங் சத்தம் நெருங்கி வேகமா வர ஆரம்பிச்சா பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம். அப்ப வேகம் ஏத்துங்க. 1,500 கெஜத்துக்கு வந்ததும் நாய்ஸ்மேக்கர், உடனே சுக்கான் முழுசா, கூடவே லேயரைத் தாண்டி மேலேயோ கீழேயோ போங்க. வேகத்துல ஒடிச்சுத் திருப்பும்போது தண்ணில ஒரு கலக்கம் உண்டாகும், சோனாருக்கு அதுவும் ஒரு பொருள் மாதிரி தெரியும். நாய்ஸ்மேக்கரும் அந்தக் கலக்கமும் ஒரே இடத்துல இருந்தா நல்லா வேலை செய்யும்.

இங்க ஒரு பொறி இருக்கு. 200 அடில ஃபுல் ஸ்பீடு குடுத்தா ப்ரொபெல்லர் குமிழி விடும், எல்லா சோனாரும் உங்களக் கேட்கும். ஆழத்துல தண்ணி அழுத்தம் அதிகம், அதே வேகத்துல குமிழி வராது. அதனால முதல்ல இறங்கணும், அப்புறம் வேகம். ஆனா லாஸ் ஏஞ்சலஸுக்கு 950 அடிதான் எல்லை. 30 நாட்டுல மூக்கைக் கீழ குத்திட்டுப் போனா சில நொடியில தாண்டிடும், 800 அடிக்கு முன்னாடியே நிமிர்த்த ஆரம்பிங்க. ஸ்டர்ஜன் மெதுவான சப், ஆனா 1,300 அடி வரைக்கும் போகும். டார்பிடோ தப்பிக்கறதுல இந்த 350 அடி வித்தியாசம் பெரிய விஷயம்.

ராக்கெட்டப் பத்தி யாரும் சொல்லல. கிரிவாக்ல ரெண்டு ஆர்பியூ-6000 (சப்ப அடிக்கிற ராக்கெட் ஏவி) இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 12 குழாய். எட்டுற தூரம் 6 கிலோமீட்டர் பக்கம். காவல் கப்பல் உயிரோட இருக்குற வரைக்கும் 7,000 கெஜத்துக்குள்ள போகவே போகாதீங்க. அதுக்கு நாய்ஸ்மேக்கர் எல்லாம் கணக்கே இல்ல.

ஏழாம் அலை:

“கேமோட குறையா” என்று கேட்டதற்கு: மேலே சொன்ன எதுவும் குறை இல்லை, அதுதான் இந்த கேமின் பலம். உங்கள் வேகம், ஆழம், கடல் கொந்தளிப்பு, லேயர், எதிரியின் திசை எல்லாம் சேர்ந்துதான் யார் யாரைக் கேட்கிறார்கள் என்று முடிவாகிறது. பொத்தானை அழுத்தினால் ‘மறைந்துவிட்டாய்’ என்று சொல்கிற கேம் இல்லை. ஒரு மோதல் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் முடிந்துவிடும், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

நிஜமான குறைகள் வேறு.

பெரியது சொல்யூஷன். ஒலி வரும் திசையை மட்டும் வைத்துக்கொண்டு இலக்கின் தூரம், வேகம், போக்கைக் கண்டுபிடிப்பதுதான் நீர்மூழ்கிப் போரில் பாதி வேலை. இங்கே அதை மாலுமிகள் தாங்களே செய்து ஒரு சதவீத எண்ணை நீட்டிவிடுகிறார்கள். 2005ல் சோனலிஸ்ட்ஸ் கொண்டுவந்த டேஞ்சரஸ் வாட்டர்ஸ் என்ற கேமில் கோடு கோடாக நாமே வரையலாம். அதில் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு இதுவே வரம். என் கருத்தில், அந்த வேலையை எடுத்துவிட்டதால்தான் இந்த கேம் இத்தனை பேரைச் சென்றடைந்தது. ஆனாலும் விரும்புகிறவர்கள் கையால் செய்ய ஒரு வழி வைத்திருக்கலாம்.

சண்டைக்கு நடுவில் சேவ் செய்ய முடியாது. மல்டிபிளேயர் கிடையாது. தோழமைக் கப்பல்களுக்கு உத்தரவிட முடியாது, நீங்கள் ஒற்றை சப். கேம்ப்பெயினில் கூட்டத்தை மறி, ஏவுகணை சப்பைத் தேடு, கமாண்டோவை இறக்கு, நிலத்தில் ஏவுகணை வீசு என்று அதே வேலைகள் சுழன்று வரும். 1968, 1984 ரெண்டையும் முடித்தவர்களுக்கு அலுப்புத் தட்டும். தென்சீனக் கடலில் நடக்கும் 2000ஆம் ஆண்டு கேம்ப்பெயின் கொஞ்சம் மாற்றம் தரும்.

முழுக் கடற்படையையும் விமானத்தையும் கையாள ஆசை என்றால் 2024 நவம்பரில் முன்னோட்ட அணுகலில் (முழுமையாகும் முன்பே விற்கும் முறை) வந்த சீ பவர் கேம் பக்கம் போங்கள். அது வேறு சாப்பாடு, நீர்மூழ்கி மட்டும் வேண்டும் என்பவருக்குத் தேவையில்லை.

உப்புக்காத்து:

மூணு பேருக்கும் நன்றி. வளைச்சு விட்டதுல ஒரு கிரிவாக் போச்சு, பதிலடி எல்லாம் காலி தண்ணில விழுந்துச்சு. புதுசா ரெண்டு தலைவலி: ரெண்டாவது டார்பிடோ கிரிவாக்க விட்டுட்டு சரக்குக் கப்பலப் போய் அடிச்சுது. அப்புறம் ட்யூப் ரீலோட் ஆகவே மாட்டேங்குது, பட்டன் செத்த மாதிரி இருக்கு.

நங்கூரம்:

ரீலோட்: ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். வயர் இன்னும் அந்தக் குழாயோடு இணைந்திருந்தால் அடுத்ததை ஏற்ற முடியாது. டார்பிடோ தானே இலக்கைப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் வயரை நீங்களே வெட்டிவிடுங்கள். இன்னொன்று, சைலண்ட் ரன்னிங் (சத்தமில்லாமல் ஓடும் நிலை) போட்டிருந்தால் ரீலோடும் நடக்காது, பழுதுபார்ப்பும் நடக்காது. சண்டைக்கு முன்பே நாலு குழாயிலும் ஏற்றிவிட்டு அதற்குப் பிறகு சைலண்ட் ரன்னிங் போடுவதுதான் முறை.

தவறான இலக்கு: டார்பிடோவுக்குக் கிரிவாக் எது, சரக்குக் கப்பல் எது என்று தெரியாது. தேடும் கூம்புக்குள் முதலில் வலுவாகத் தெரிவதைப் பிடிக்கும். எனவே காவல் கப்பலுக்கு விடும்போது கூட்டம் அதற்குப் பின்னால் இல்லாத கோணத்தைத் தேர்ந்தெடுங்கள், விழிக்கும் புள்ளியை இன்னும் நெருக்கமாக, 1,000 முதல் 1,500 கெஜத்தில் வையுங்கள். பாம்பு போல நெளிந்து தேடும் அமைப்பு அகலமாகத் தேடும், நேர் அமைப்பு குறுகலாக. நெருக்கமான கூட்டத்தில் நேர் அமைப்பே நல்லது.

சிக்னேச்சர் பக்கத்தையும் பயன்படுத்துங்கள். கான்டாக்ட்டின் (சோனாரில் பிடிபட்ட கப்பலின்) ஒலிக்கோடுகளை ஒவ்வொரு கப்பலின் கோடுகளோடும் பொருத்திப் பார்த்து நீங்களே வகைப்படுத்தலாம். எது கிரிவாக் என்று தெரியாமல் விட்டால் முதல் ரெண்டு டார்பிடோவும் சரக்குக் கப்பலுக்குப் போய், எஸ்எஸ்-என்-14 வைத்திருப்பவன் உயிரோடு இருப்பான்.

மணல்திட்டு:

இழைக்குள்ளேயே கேட்டுக்கறேன், மன்னிக்கவும். 1968 கேம்ப்பெயின்ல மார்க் 37 டார்பிடோ எதையுமே தொட மாட்டேங்குது. பின்னாடியே ஓடி ஓடி நின்னுடுது. பக் ஆ?

சுழல்நீர்:

பக் இல்ல தல, கணக்கு. மார்க் 37 ஓடுறது 26 நாட். அந்த வேகத்துல போற தூரம் 10,000 கெஜம் சுமார், அதாவது பதினொண்ணரை நிமிஷத்துல பேட்டரி தீர்ந்துடும். 20 நாட்டுல விலகி ஓடுற சப்ப 4,000 கெஜம் பின்னாடிலேர்ந்து அடிச்சா, நெருங்குற வேகம் வெறும் 6 நாட். எட்டிப் பிடிக்க 20 நிமிஷம் வேணும். பாதி வழியிலேயே டார்பிடோ செத்துப்போகும். அதே 4,000 கெஜத்துல அவன் உங்களப் பாத்து வந்தான்னா நெருங்குற வேகம் 46 நாட், ரெண்டரை நிமிஷம் கொஞ்சம் மேல.

அதனால 1968ல வேட்டையாடக் கூடாது, முன்னாடி போய்க் காத்திருக்கணும். அவன் போக்கைப் பாத்து, அதுக்கு முன்னால லேயருக்குக் கீழ 5 நாட்டுல இருங்க. அவன் உங்களக் கடக்குறதுக்கு முன்னாடி விடுங்க. அவன் டார்பிடோ சத்தம் கேட்டு வேகம் ஏத்தித் திரும்பினா வீண்தான், அதனால அவன் தப்பிக்கத் திரும்புற பக்கம் ரெண்டாவது ஒண்ணு ஏற்கெனவே ஓடிட்டு இருக்கணும். சரக்குக் கப்பலுக்கு மார்க் 37ஐ வீணாக்காதீங்க. வழிகாட்டி இல்லாத மார்க் 16 நேரா ஓடும், ஆனா வேகமும் வெடிமருந்தும் அதிகம். பக்கவாட்டுல நெருங்கி, ரெண்டா விசிறி மாதிரி விடுங்க.

ஏழாம் அலை:

மோட் கேள்வி விட்டுப்போச்சு. டாட்மோட், எபிக் மோட் ரெண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. ஓட்டக்கூடிய சப்புகளும் ஆயுதங்களும் கூடும், ஆனால் உங்கள் பிரச்சினையை அவை தீர்க்காது, எதிரியும் சேர்ந்தே பலமாவான். போடுவதானால்: கேம் கோப்புறைக்குள் ஸ்ட்ரீமிங் அசெட்ஸ், அதற்குள் ‘ஓவர்ரைடு’ என்ற கோப்புறையில் மோட் கோப்புகளை வைக்க வேண்டும். ‘டிஃபால்ட்’ கோப்புறையைத் தொடாதீர்கள். வேண்டாம் என்றால் ஓவர்ரைடை அழித்தால் பழைய கேம் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கேம்ப்பெயின் சேவின் மேல் மோட் ஏற்ற வேண்டாம், புதுக் கேம்ப்பெயின் தொடங்குங்கள். ரெண்டு மோடை ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினால் ஒரே பெயருள்ள கோப்புகள் மாறி, கேம் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

உப்புக்காத்து:

1984ஐ மோட் இல்லாமலேயே முடிச்சுட்டு வர்றேன். இப்ப ஸ்டர்ஜனுக்கு மாறியாச்சு.