மறு: வலிப்பு மருந்துகளும் ‘இடைவினை’யும் – ‘குறுக்கீடு’, ‘நொதிபெருக்கி’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எமிலியோ பெருக்காவின் ஆய்வுப் பணியைப் பற்றிய கட்டுரைக்காக ‘டிரக் இன்டராக்‌ஷன்’ (ஒரு மருந்து இன்னொரு மருந்தின் அளவையோ விளைவையோ மாற்றுவது), ‘என்சைம் இன்டியூசர்’ (மருந்தைச் சிதைக்கும் நொதியை, அதாவது என்சைமை, கூட்டும் மருந்து) ஆகிய சொற்களுக்கு நான் தமிழ் கேட்டிருந்தேன், பலரும் எழுதியிருந்தீர்கள். எல்லா மடல்களையும் நிதானமாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை அறியாதவர்களுக்காக: இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். 2013 முதல் 2017 வரை வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகத்தின் தலைவர். இளமையில் லண்டனில் மருந்தியலாளர் ஆலன் ரிச்சன்ஸுடன் வேலை செய்தார். ஒரு வலிப்பு மருந்து உடம்புக்குள் போனால் கூடவே இருக்கும் மற்ற மருந்துகள் என்ன ஆகின்றன என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. கட்டுரையின் முதுகெலும்பே அந்தக் கேள்விதான் என்பதால் அதற்கான சொல் பிசகினால் கட்டுரையே பிசகும்.

> மருந்து இடைவினை என்பதே பாடநூல்களில் பழகிய சொல். புதிதாக எதற்கு?

ஐயா, மருந்துக்கடையில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் என்று பல ஊர்களிலிருந்தும் புதுச்சேரிக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். ஃபிட்ஸ் மாத்திரையோடு வேறொரு மாத்திரை சேராது என்று சொன்னதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒரு மணி நேரம் கேப் விட்டுப் போட்டுக்கலாமா?’ என்பதுதான். இரண்டு மாத்திரைகளும் வயிற்றில் சந்தித்து ஒன்றோடொன்று வினைபுரிகின்றன என்று நினைக்கிறார்கள். ‘இடைவினை’ என்ற சொல்லும் அதையேதான் சொல்கிறது. வேதியியலில் வினை என்றால் இரண்டு பொருள் கலந்து மூன்றாவது உண்டாவது. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘இடைத்தாக்கம்’ என்பதற்கும் இதே சிக்கல்தான், அங்கே வேதிவினையைத் தாக்கம் என்றே படிக்கிறார்கள்.

இடைவெளி விட்டால் சரியாகும் இடங்களும் உண்டு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்து, ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து உடம்பில் ஏறுவதைக் குறைக்கலாம். அதற்கு நேரம் தள்ளிப் போடுவது உதவும். ஆனால் பெரும்பாலான சிக்கல் நடப்பது கல்லீரலில். காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் போட்டாலும் அங்கே நடப்பது நடக்கும்.

இன்னொன்று, ‘இடை’ என்றால் இரண்டு பக்கமும் சமம் என்று ஆகிவிடுகிறது. பல சமயம் இது ஒருவழிப் போக்கு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறவருக்கு லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்தால், லாமோட்ரிஜின் உடம்பை விட்டு வெளியேற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதனால்தான் தனியாகக் கொடுத்தால் தினம் 25 மில்லிகிராமில் தொடங்குவதை, வால்ப்ரோயேட் இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 என்று தொடங்குகிறார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வர வாய்ப்பு கூடும். வால்ப்ரோயேட்டுக்கோ லாமோட்ரிஜினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: மருந்துக் குறுக்கீடு.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ‘லாமோட்ரிஜினில் வால்ப்ரோயேட் குறுக்கிடுகிறது.’ யார் செய்கிறார், யாருக்கு ஆகிறது என்பது இலக்கணத்திலேயே வந்துவிடுகிறது. ‘இரண்டுக்கும் இடைவினை உண்டு’ என்று எழுதினால் எதன் அளவைக் குறைக்க வேண்டும் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இயற்பியலில் ஒளி அலைகளுக்குக் குறுக்கீடு என்ற சொல் இருக்கிறதே என்றால், இருக்கட்டும். ‘மருந்து’ என்று முன்னால் வந்தபிறகு யாரும் குழம்ப மாட்டார்கள். ‘மருந்து மோதல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், அது பயமுறுத்துகிறது. பயந்துபோய் வலிப்பு மாத்திரையையே சட்டென்று நிறுத்திவிடுவார்கள். அதைவிட ஆபத்து வேறில்லை, வலிப்பு நிற்காமல் தொடரும் நிலைக்கே அது கொண்டுபோய்விடலாம்.

> நொதித் தூண்டி, நொதித் தடுப்பான். இரண்டும் நல்ல சொற்கள்தானே?

தடுப்பான் நல்ல சொல், அதை மாற்ற வேண்டாம். தூண்டியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மின்காந்தத் தூண்டலில் ‘இன்டக்‌ஷன்’ என்பதைத் தூண்டல் என்றார்கள், அதே ஆங்கிலச் சொல் இங்கேயும் வந்ததால் அதே தமிழைத் தூக்கி வைத்துவிட்டோம். நடக்கும் காரியம் வேறு.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற ஆட்களை வேகமாக உடைக்கச் சொல்வது தூண்டுவது. ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்துகள் மூன்றும் செய்வது அதுவல்ல, புதிதாக ஆள் சேர்ப்பது. செல்லின் உட்கருவில் மரபணுவை எழுப்பி, மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகளை அதிகமாக உண்டாக்க வைக்கின்றன. ஆள் சேர்க்க நாளாகும். வேலை முடிந்தபின் அவர்கள் கலையவும் நாளாகும். தடுப்பானோ உட்கார்ந்திருக்கும் ஆளின் கையைப் பிடித்துக்கொள்வது, அன்றைக்கே தெரிந்துவிடும்.

இந்தக் கால வேறுபாடு நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கூடவே கார்பமசெபினும் சாப்பிட்டால் வார்ஃபரின் சீக்கிரம் சிதையும், மருத்துவர் அளவைக் கூட்டிவைப்பார். அப்புறம் ஒருநாள் கார்பமசெபினை நிறுத்துகிறார்கள். கூடுதல் நொதி சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வார்ஃபரின் அளவு ஏறிக்கொண்டே போய் இரத்தக்கசிவு வரலாம். ‘தூண்டியை நிறுத்தியாச்சு’ என்றால் அன்றோடு கதை முடிந்தது என்று தோன்றும். ‘பெருக்கியை நிறுத்தியாச்சு’ என்றால், பெருகியது வடிய நாளாகும் என்று சொல்லாமலே புரியும்.

எனவே நொதிபெருக்கி. பெருக்குவது என்றால் துடைப்பம்தான் ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒலிபெருக்கியைக் கேட்டு யாருக்கும் துடைப்பம் ஞாபகம் வருவதில்லையே. கணக்கில் பெருக்கல் இருப்பதும் நமக்குத் துணைதான். எதிர்ச்சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது, லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தை ‘நொதி பெருக்காத வலிப்படக்கி’ என்று எழுதிவிடலாம். (வலிப்படக்கி என்றே இருக்கட்டும். இந்த மருந்துகள் வலிப்பு வராமல் அடக்குகின்றன, நோயின் வேரைப் பிடுங்குவதில்லை. பன்னாட்டு வழக்கும் இப்போது அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.)

பெருக்கா 1984-இல் ரிச்சன்ஸ் முதலியவர்களோடு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. வெவ்வேறு வலிப்படக்கிகளைச் சாப்பிடும் நோயாளிகளில் எந்த மருந்து நொதியை எவ்வளவு பெருக்குகிறது என்று ஒப்பிட்டார்கள். ஆன்டிபைரின் என்ற பழைய மருந்து எவ்வளவு விரைவாக உடம்பை விட்டுப் போகிறது என்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். வால்ப்ரோயேட் அந்தப் பெருக்கிகளின் கூட்டத்தில் சேரவில்லை. இந்தப் பத்தியைத் ‘தூண்டி’ போட்டு ஒருமுறை, ‘பெருக்கி’ போட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தேன். இரண்டாவதில் விளக்க வாக்கியமே தேவைப்படவில்லை.

கார்பமசெபின் தன்னையே சிதைக்கும் நொதியையும் பெருக்கிக்கொள்கிறது. தொடங்கி மூன்று முதல் ஐந்து வாரத்தில் அது முழுமையாகும். முதல் வாரம் நன்றாகக் கேட்ட அளவு பிறகு போதாமல் போவதற்கு இதுவும் காரணம். இதற்குத் ‘தன்பெருக்கம்’ போதுமா? ‘தன்னொதிப் பெருக்கம்’ சரியாக இருந்தாலும் வாயில் நுழையவில்லை.

> இந்த நுணுக்கமெல்லாம் மருத்துவருக்குத்தானே, பொதுவாசகருக்கு எதற்கு?

இதற்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். நொதிபெருக்கி சாப்பிடும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். அதே கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜென், லாமோட்ரிஜின் அளவைப் பாதிக்குப் பாதி இறக்கிவிடலாம், அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். காசநோய்க்கு அரசு கொடுக்கும் கூட்டு மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்ற பெருக்கியும் ஐசோநயசிட் என்ற தடுப்பானும் ஒன்றாகவே இருக்கின்றன. ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவருக்கு அதைத் தொடங்கினால் இரத்தத்தில் அளவு பார்க்கத்தான் வேண்டும். வலிப்புக்கு ஒரு மருத்துவர், காசநோய்க்கு வேறொரு மருத்துவர், கருத்தடைக்கு ஊர் நர்ஸ் அக்கா. மூன்று இடத்துக்கும் போய்வருகிற ஒரே ஆள் நோயாளிதான். ‘நான் நொதிபெருக்கி சாப்பிடுகிறேன்’ என்று அவர் வாயால் சொல்ல ஒரு சொல் வேண்டும். வலிப்பு இருப்பதையே கல்யாண வீட்டாரிடம் மறைக்கும் ஊரில், இதையாவது தைரியமாகச் சொல்ல வழி செய்வோம்.

‘ஊடாட்டம்’ கணினிக்குப் போய்விட்டதால் அதை நான் எடுக்கவில்லை. ஒரு மருந்து மற்றொன்றின் அளவை மாற்றாமல் விளைவை மட்டும் கூட்டுவது உண்டு. வலிப்பு மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்து மயக்கத்தைக் கூட்டுவது போல. அதையும் குறுக்கீடு என்ற பெயரில் அடக்கலாமா, ‘விளைவுச் சேர்க்கை’ என்று தனியாகப் பிரிக்கலாமா என்பதில் எனக்கு முடிவு எட்டவில்லை. அளவுக் குறுக்கீடு, விளைவுக் குறுக்கீடு என்று இரண்டாக வைக்கலாமோ? மருந்தியல் படித்த தங்கைகளும் தம்பிகளும், ‘நொதியம்’ என்று எழுதும் ஈழத்து நண்பர்களும் சொல்லுங்கள். ‘நொதியப்பெருக்கி’ உங்கள் காதுக்குச் சரியாக இருக்கிறதா என்றும் எழுதுங்கள். உங்கள் பதில்களைப் பார்த்துவிட்டுத்தான் கட்டுரையை அனுப்புவேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து